யாரு பொறுப்பு?

சத்திரப்பட்டியில் அந்தத் தறிக்கூட வாசலில் நானும் சித்தியும் நின்று வேலை கேட்ட அன்று, முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “யாரு பொறுப்பு?”

என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாளாக என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ராஜபாளையத்தில் ஒருவன் நடுராத்திரி சட்டை இல்லாமல் பழைய பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே நடந்தான் என்றால், விடிவதற்குள் சத்திரப்பட்டி வரை செய்தி போய்விடும். சித்தி என் முகத்தைப் பார்த்தாள். “நான் பொறுப்பு அண்ணாச்சி” என்றேன். “அப்ப திங்கக்கெழம வரச் சொல்லுங்க.” அவ்வளவுதான் இன்டர்வியூ.

பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு நான் எதற்குப் பொறுப்பேற்றேன் என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. அவன் தினமும் வேலைக்கு வருவான் என்பதற்கா? யாரையும் அடிக்கமாட்டான் என்பதற்கா? இல்லை, ஏதாவது நடந்தால் வந்து கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் இருக்கிறது என்பதற்கு மட்டுமா? முதலாளியிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். பொறுப்புன்னா பொறுப்புதான தம்பி, இதுல என்ன பிரிச்சுப் பாக்குறது என்பார்.

ஆனால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

தம்பி என்று சொல்வது சித்தப்பா மகனை. எங்கள் வீட்டில் கூடப் பிறந்தவன் என்றோ சித்தப்பா மகன் என்றோ யாரும் பிரித்துச் சொல்வதில்லை. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குப் படுக்கிற ஊர் எங்களுடையது. அவன் வேலை பார்த்தது வேறொரு சின்ன மில், பெயர் வேண்டாம். மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். இருபத்து நாலு வயதில் அவனுக்கு மனச்சிதைவு தொடங்கியது. முதலில் தூக்கம் போனது. பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரோ பேர் சொல்லித் திட்டுவதாகச் சொன்னான். மில்லுக்குள் இருக்கிறவரை நன்றாகத்தான் இருப்பான், வீட்டுக்கு வந்தால்தான் வரும். அது எவ்வளவு பெரிய துப்பு என்று எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

மதுரையில் வைத்தியம் பார்த்தோம். டாக்டர் சொன்னது எளிமையான விஷயம். மாத்திரையை விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, அதனால் ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம். மில்லில் போய்க் கேட்டோம். “ஒருத்தனுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க” என்றார்கள். அடுத்த ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் மறுபடியும் விழுந்தான். நாற்பது நாள் வரவில்லை என்று பேரை எடுத்துவிட்டார்கள்.

‘ஒருத்தனுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.’ இந்த வாக்கியத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருவன் தப்பினால் அவனுடைய ராத்திரியை இன்னொருவன் சுமக்க வேண்டும். ஆனால் அதே மில்லில் கை ஒடிந்தவனை மூன்று மாதம் கேட்டில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். எல்லாரும் கை ஒடிந்ததாகச் சொல்லிக்கொண்டு வரவில்லை. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. மனச்சிதைவுக்கு மாவுக்கட்டு கிடையாது. சமமாக நடத்துவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்குள் சமமாக நடத்துவதைத்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது. தேவையான, தாங்கக்கூடிய மாற்றத்தைச் செய்துகொடுக்க மறுப்பதையே அது பாகுபாடு என்கிறது. மனநோயையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாங்கள் மில்லில் போய் நின்றபோது அந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் ராஜபாளையத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்போமா என்பது வேறு.

*

சத்திரப்பட்டி ஆஸ்பத்திரிகளுக்குத் துணி நெய்கிற ஊர். பேண்டேஜ், காஸ். உங்கள் காயத்தில் எப்போதாவது சுற்றிய வெள்ளைத் துணி அங்கே ஏதோ ஒரு தறியில் ஓடியதாக இருக்கலாம். நெய்து, சலவை செய்து, காயவைத்து, வெட்டி, சுருட்டி, பொட்டலம் போடுகிறவரை அத்தனை வேலையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடக்கிறது.

முதலாளியிடம் நான் கேட்டுக்கொண்டது, தம்பியைத் தறிப் பக்கம் விடவேண்டாம், வெட்டிச் சுருட்டுகிற அறையில் போடுங்கள் என்பது. அமைதியான அறை, கூட வேலை பார்ப்பது வயதான பெண்கள், மின்விசிறி உண்டு. ரொம்ப யோசித்துத்தான் கேட்டேன். பதினோராவது நாள் அவன் பாதியில் எழுந்து வந்துவிட்டான். எல்லாரும் நினைத்தபடியே ஆகிவிட்டது என்று ஊர் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்திரி மாடியில் உட்கார்ந்து கேட்டேன், ஏண்டா என்று.

“அந்த ரூம்புல சத்தமே இல்லண்ணே. அது பேசுறது நல்லாக் கேக்குது. தறிப் பக்கம் போட்டா கேக்காது.”

வெட்கமாகப் போய்விட்டது. அவனுக்கு எது நல்லது என்று டாக்டரிடம் கேட்டோம், சித்தியிடம் கேட்டோம், ஜோசியரிடம்கூடக் கேட்டோம். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, தார் சுற்றுகிற இடத்தில் போட்டார். இரண்டு பக்கமும் தறி ஓடுகிற இடம், பக்கத்தில் இருப்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். அங்கேதான் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். ராத்திரி மாத்திரையின் மயக்கம் காலை எட்டு வரை போகாது என்பதால் மற்றவர்கள் ஏழு மணிக்கு வர, அவன் ஒன்பது மணிக்கு வருவான். முதலாளி செய்த மாற்றம் இந்த இரண்டுதான். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இதைப் படிப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் 1990-களின் தொடக்கத்தில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் உருவாக்கிய முறை. அதன் சுருக்கப் பெயர் ஐ.பி.எஸ். (நம்மூரில் இந்தப் பெயரைச் சொன்னால் போலீஸ் வருகிறதா என்று கேட்பார்கள்.) அதுவரை உலகம் முழுக்க நடந்தது, முதலில் பயிற்சி, தேறினால் வேலை என்பது. மெழுகுவர்த்தி செய், காகிதக் கவர் ஒட்டு, பினாயில் கலக்கு. இரண்டு வருஷம் ஒட்டினால் பிறகு பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். வேலை வேண்டும் என்று சொல்கிற யாரையும் ஒதுக்காதே. அவனுக்குப் பிடித்த வேலை எது என்று கேள். சீக்கிரமே நிஜமான சம்பளத்தில் நிஜமான வேலை தேடு. வேலை கிடைத்த பிறகு கூடவே இரு. வைத்தியம் பார்க்கிறவரும் வேலைக்குத் துணை நிற்கிறவரும் ஒரே குழுவாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் இதைச் சோதித்து 2007-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இந்த முறையில் வந்தவர்களில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள், பழைய முறையில் 28 சதவீதம்.

நம் பக்கத்துக் கணக்கு இதைவிட விசித்திரமானது. சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு முதல்முறை வந்த நோயாளிகளை 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அதில் ஆண்களின் வேலையை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, பத்து வருஷமும் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல், ஐ.பி.எஸ். இல்லாமல். நம் பண்பாடு, நம் குடும்பம் என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. உதவித்தொகை இல்லாத நாட்டில் வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை, அதனால் போனார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. பெண்களுடைய கணக்கு வேறு கதை. வீட்டு வேலை செய்கிற வரைக்கும் அவளுக்கு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆனாலும் அந்த அறுபது சதவீதம் பேருக்கு யாரோ ஒருவர் “நான் பொறுப்பு” என்று சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஒரே தெருவில் பிறந்த மேஸ்திரி. நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்கிற வேலையை இங்கே யாரோ ஒரு சொந்தக்காரர் டீ குடித்துக்கொண்டே செய்திருக்கிறார்.

*

எனக்கு இந்தப் ‘பொறுப்பு’ என்கிற சொல் மேல் பயமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டவர்களும் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள்தான். மாதாமாதம் பணம் கட்டிய குடும்பங்களும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறின. ஒருவனுக்காக நான் பொறுப்பு என்று சொல்லும்போது, அவன் அவனுக்குப் பொறுப்பில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தறிக்கூட வாசலில் தம்பி எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றான். முதலாளி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் “நீ சொல்லுடா” என்று திரும்பவில்லை.

இந்த விஷயத்தில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எங்களைவிட நாகரிகமாக இருக்கிறது. பொதுவாகச் சித்தம் தெளிவில்லாதவராக இருந்தாலும், இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நோய் வரும் போகும், ஆள் அங்கேயேதான் இருக்கிறான் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

*

சொல்வதா மறைப்பதா என்பது இன்னொரு முடிச்சு. தம்பிக்கு மறைக்கிற வாய்ப்பே இருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பழக்கமான இன்னொருவருக்கு இருந்தது. இருதுருவ நோய், லித்தியம் சாப்பிடுகிறவர். மருந்து வாங்குகிற வரிசையில்தான் பழக்கம். பால்கோவா போடுகிற ஓர் இடத்தில் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். பால்கோவா அடுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விறகடுப்பு, அகலமான சட்டி, பால் வற்றுகிறவரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். மேலெல்லாம் வேர்வையாக ஊற்றும். லித்தியம் சாப்பிடுகிறவர் வேர்வை போகப்போகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். ஒரு சித்திரை மாதம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருக்கான் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். வேலை போனது போனதுதான்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரே என்று சொல்லத் தோன்றும். சொல்லியிருந்தால் அந்த அடுப்புப் பக்கமே விட்டிருக்கமாட்டார்கள். குடிகாரன் என்ற பட்டத்தோடு வெளியேறியது அவருக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. “குடிகாரன்னா நாளைக்கு வேற கடையில சேத்துக்கிடுவாக. அதுன்னு தெரிஞ்சா எவனும் சேக்கமாட்டான்” என்றார். உண்மைதான். சம்பளத்துக்கு மறுநாள் வராத தறிக்காரனுக்கு யாரும் ஜாமீன் கேட்பதில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இது: நோயின் பெயர் அவருடைய சொத்து, அதை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லலாம். “ஒரு மாத்திரை சாப்பிடுறேன், அடிக்கடி தண்ணி குடிக்கணும்.” இந்த ஒரு வாக்கியத்தில் பொய் இல்லை, நோயின் பெயரும் இல்லை. அவரிடம் சொன்னேன். “நீங்க சொல்லிருவீக. அவக என்ன மாத்திரைன்னு கேப்பாகள்ல?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அரசாங்கத்திடம் சொல்வது இன்னொரு விதம். மனநோய்க்கான ஊனச் சான்றிதழுக்கு ஐடியாஸ் என்றொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைப் பேணுதல், மற்றவர்களுடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து நாலு வரை மதிப்பெண், நோய் எத்தனை காலம் என்பதற்குத் தனியாக. மொத்தம் ஏழு தாண்டினால்தான் 40 சதவீதம். 40 சதவீதம் இருந்தால்தான் அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக் கணக்கில் வர முடியும். ஒழுங்காக வேலைக்குப் போகிறவனுக்கு மதிப்பெண் குறையும். அதாவது வேலைக்கான ஒதுக்கீடு கேட்க, வேலை செய்ய முடியாதவன் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். தம்பியை ஒருமுறை அழைத்துப் போகலாமா என்று யோசித்தேன். “நான் சரியா இருக்குறது தப்பாண்ணே?” என்று கேட்டான். போகவில்லை.

நீதிமன்றம் சில சமயம் நன்றாகப் பேசுகிறது. ரவீந்தர் குமார் தாரிவால் என்கிற சி.ஆர்.பி.எஃப். அதிகாரியின் வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனநோய் உள்ளவர் மீது அந்த நோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி இல்லாத வேறு பணியில், சம்பளம் குறையாமல் அவரை வைத்துக்கொள்ளலாம் என்றது. படிக்கும்போது நாற்பது நாள் வராததற்காகப் பேர் எடுத்த அந்த மில் நினைவுக்கு வந்தது. ஆனால் தாரிவால் அரசாங்க ஊழியர். பதினைந்து பேர் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கு உச்ச நீதிமன்றத்திலிருந்து பஸ் கிடையாது. அங்கே இருப்பது முதலாளியின் மனசு மட்டும்.

*

அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு முறை தம்பிக்கு நோய் முற்றி மாதக்கணக்கில் வராமல் இருந்தபோதும் இடத்தை வைத்திருந்தார். இரண்டாம் முறை சித்தியிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தனுப்பினார்.

ஆனால் தம்பிக்கு மற்றவர்களைவிட நாளுக்கு நூறு ரூபாய் குறைவு. இரண்டு மணிநேரம் தாமதமாக வருவதற்கு என்று வைத்தால்கூடக் கணக்கு இடிக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒருமுறைகூடக் கூலி கூட்டிக் கேட்டதில்லை. மற்றவர்கள் தீபாவளி போனஸுக்கு நின்றபோது இவன் தார் சுற்றிக்கொண்டிருந்தான். போன வருஷம் எனக்கு இது தெரிந்து கோபப்பட்டேன். அவன் கோபப்படவில்லை.

“அவரு நல்லவருண்ணே. அதான் கஷ்டம். விட்டுட்டுப் போக முடியல.”

ராஜபாளையத்தில் ஒரு கடையில் துணி அளந்து வெட்டிக்கொடுக்கிற வேலை. ரோட்டோரம், நாள் முழுக்க லாரியும் பஸ்ஸும் ஓடுகிற இரைச்சல். அவனே போய்ப் பார்த்து வைத்திருக்கிறான். கூலி கூட, சைக்கிளிலேயே போய்விடலாம். அதைச் சொல்ல அவனுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. ஏனென்றால் என் வாக்கு அந்தத் தறிக்கூடத்தில் அடமானமாக இருக்கிறது. அவன் விலகினால், அண்ணன் பேரைக் கெடுத்துவிட்டான் என்றாகும்.

வேலை கிடைப்பதைப் பற்றியும் நிலைப்பதைப் பற்றியும்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நானும் பன்னிரண்டு வருஷம் ஒரே இடத்தில் இருக்கிறான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். பிடிக்காவிட்டால் விட்டுப்போக முடிவதும் வேலையில் சேர்ந்ததுதான் என்று தோன்றவே இல்லை. நானே மூன்று இடம் மாறியிருக்கிறேன், யாரும் என்னை நன்றி கெட்டவன் என்று சொல்லவில்லை. ஐ.பி.எஸ். ஆட்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வேலை முடிந்தால் அதில் என்ன தெரிந்துகொண்டோம் என்று பேசிவிட்டு அடுத்ததைத் தேடுகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு துணை நிற்பதில் உள்ள நன்மை அதுதான் போலிருக்கிறது. அவர்களுக்கு யாரும் கடன்பட வேண்டியதில்லை.

ஆடி பிறந்த வாரம் அந்தக் கடைக்காரர் எனக்கு போன் செய்தார். நம்பரை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. “உங்க தம்பி வேலைக்குக் கேட்டாப்ல. சத்திரப்பட்டியில நீங்கதான் பொறுப்புன்னு சொன்னாக. இங்கயும் நீங்கதான?”

ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் வேலை அப்போதே முடிவாகியிருக்கும். “அவனுக்கு முப்பத்தெட்டு வயசாகுது அண்ணாச்சி. அவன்கிட்டயே பேசிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சவரை நல்ல வேலைக்காரன்” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பொறுப்பை அவன் கையில் கொடுத்தேனா, இல்லை கழற்றிவிட்டுக்கொண்டேனா என்று போனை வைப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஆடிப்பூரம் கழியட்டும், சொல்றேன்” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிலைக்கு வந்து மூன்று வாரமாகிறது. தம்பி இன்னும் காலையில் சத்திரப்பட்டிக்குத்தான் பஸ் ஏறுகிறான். அந்தக் கடைக்காரர் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ராத்திரி மாடியில் என்னிடம் சொல்லிப் பார்க்கிறான்.